பனிக்காலத்தில் படகும் எத்தனால் கலந்த பெட்ரோலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் படகு வைத்திருப்பவர்களின் ஆண்டு இரண்டு நீண்ட வார இறுதிகளுக்கு நடுவில் அடங்கிவிடும். ஒன்று மே மாதத்து விக்டோரியா தினம், மற்றது அக்டோபர் மாதத்துத் தேங்க்ஸ்கிவிங். 386 கிலோமீட்டர் நீளமுள்ள டிரென்ட்-செவர்ன் நீர்வழியின் மதகுகளும் இந்தக் கணக்கில்தான் திறந்து மூடுகின்றன. மீதி ஏழு மாதம் படகு டிரெய்லரில் ஏறி, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கொல்லையில் கிடக்கும். சிம்கோ ஏரிக்கும் கவார்த்தா ஏரிகளுக்கும் மீன் பிடிக்கப் போகும் நம்மவர்களில் சிலர் இப்போது சொந்தமாகச் சிறு படகு வாங்கியிருக்கிறார்கள். செப்டம்பர் பிறந்ததும் அவர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி பெட்ரோலைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். நான் மெக்கானிக் அல்ல. பதினைந்து ஆண்டுகளாகப் படகு வைத்திருப்பவன், அதில் இரண்டு வசந்தங்களைக் கெட்ட பெட்ரோலுக்குப் பறிகொடுத்தவன்.

காரில் ஊற்றும் அதே பெட்ரோல்தானே? காருக்கு வராத வியாதி படகுக்கு மட்டும் ஏன் வருகிறது?

இரண்டு காரணங்கள். காரில் ஊற்றிய பெட்ரோல் ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ எரிந்து தீர்ந்துவிடும். படகில் அது ஏழு மாதம் கிடக்கும். அடுத்தது, கார் டேங்க் ஏறக்குறைய மூடிய பாத்திரம். பெரும்பாலான படகுகளின் டேங்கிலிருந்து ஒரு மெல்லிய குழாய் படகின் பக்கவாட்டுக்கு வந்து வெளிக்காற்றைப் பார்த்துத் திறந்திருக்கும். பகலில் சூடேறும்போது டேங்க் அதன் வழியாக ஆவியை வெளியே விடுகிறது. இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு ஈரமும் வருகிறது.

இங்கே இரண்டு வியாதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று மூப்பு: பெட்ரோலின் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போகும், மிச்சம் காற்றுப் பட்டுப் பிசின் போலத் தடிக்கும். எத்தனால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது வரும். மற்றது தண்ணீர். எத்தனாலுக்கே உரிய தொல்லை இதுதான். மெக்கானிக் கடைகளில் இரண்டையும் சேர்த்து “எத்தனால் கெடுத்துவிட்டது” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் மருந்தும் மாறிப்போகிறது.

எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தால் அப்படி என்னதான் நடக்கிறது?

சாராயம் தண்ணீரோடு கலக்கும், எண்ணெய் கலக்காது. எத்தனால் சாராயமேதான், ஆனால் அது பெட்ரோலோடும் கலந்து நிற்கும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதாவது இ10, ஏறக்குறைய 15 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தன் கொள்ளளவில் அரை சதவீதம் வரைக்கும் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். 100 லிட்டர் டேங்க் என்றால் அரை லிட்டர். எத்தனால் இல்லாத பெட்ரோலால் இதில் இருபதில் ஒரு பங்கைக்கூடத் தாங்க முடியாது.

இதுவரைக்கும் எத்தனால் நல்ல பிள்ளைதான். கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் கரைத்து எஞ்சினுக்கு அனுப்பி எரித்துவிடும். எல்லை தாண்டும்போதுதான் வினை. தாங்கும் அளவுக்கு மேல் ஒரு துளி கூடினாலும் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு டேங்கின் அடிக்கு இறங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோல் எத்தனாலை இழந்ததால் ஆக்டேனில் இரண்டு மூன்று புள்ளி குறைந்திருக்கும். கீழே நிற்பது எரியாத சாராயத் தண்ணீர். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான்.

குளிரக் குளிர இந்தத் தாங்கும் அளவும் குறையும். அக்டோபரில் தெளிவாக இருந்த பெட்ரோல் ஜனவரியில் கழித்தல் 20 டிகிரியில் பிரிந்து கிடப்பதற்கு அதுவே காரணம். பிரிந்ததை ஆட்டிக் குலுக்கினாலும் சேராது. திரிந்த பாலை மறுபடி பாலாக்க முடியுமா?

அவ்வளவு தண்ணீரும் காற்றின் ஈரத்திலிருந்தா வருகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

காற்றிலிருந்து எத்தனால் ஈரத்தை உறிஞ்சுவது உண்மை. ஆனால் அது மிக மெதுவாக நடக்கிற காரியம். ஒரு மெல்லிய குழாய் வழியாக மட்டும் சுவாசிக்கும் டேங்கில், அதுவும் குளிர்ந்த வறண்ட பனிக்காலக் காற்றில், அரை லிட்டர் தண்ணீர் சேர்வது எளிதல்ல. உள்ளே தண்ணீர் வந்திருந்தால் பெரும்பாலும் அது மழையாகவோ உருகிய பனியாகவோதான் வந்திருக்கும்.

என் முதல் படகு 17 அடி நீளம், பின்னால் 90 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். மூன்றாவது வசந்தத்தில் தண்ணீரில் இறக்கி, பத்து நிமிடம் ஓடியதும் நின்றுவிட்டது. வடிகட்டியைக் கழற்றிக் கண்ணாடிச் சாடியில் ஊற்றிப் பார்த்தபோது அடியில் இரண்டு விரல்கடைக்குக் கலங்கலாக ஒரு திரவம், அதற்கு மேல் பெட்ரோல். நடுவில் கோடு போட்டது போலப் பிரிந்திருந்தது. இலையுதிர் காலத்தில் ஸ்டெபிலைசர், அதாவது பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடும் மருந்து, ஊற்றியிருந்தேன், அளவும் சரி. பிறகு தேடிப் பார்த்தால் மேல்தளத்தில் பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. தார்ப்பாய் அந்த இடத்தில் தொய்ந்து, பனி உருகிய தண்ணீர் மூடியைச் சுற்றித் தேங்கி, சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது. புது வளையத்தின் விலை ஒரு காபியின் விலை. அந்த டேங்கைச் சுத்தம் செய்ய ஆன செலவில் ஒரு நல்ல தூண்டிலும் கோலும் வாங்கியிருக்கலாம்.

ஆகவே செப்டம்பரில் முதல் வேலையாக அந்த மூடியைத் திறந்து வளையத்தை விரலால் நீவிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மாற்றுங்கள். ஸ்டெபிலைசர் புட்டி வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

டேங்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா?

இதைக் கேட்டால் ஒரே படகுத்துறையில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நியாயம் உண்டு.

நிரப்பச் சொல்பவர்கள், டேங்கில் காற்றுக்கு இடமில்லாவிட்டால் சுவரில் பனித்துப் படியும் ஈரத்துக்கும் இடமில்லை என்பார்கள். தண்ணீர் கொஞ்சம் வந்தாலும் பெட்ரோல் அதிகம் இருப்பதால் கரைத்துக்கொள்ளும். காலி செய்யச் சொல்பவர்களின் வாதம் வேறு: பெட்ரோலே இல்லாவிட்டால் கெடுவதற்கும் ஒன்றுமில்லை, வசந்தத்தில் புதிதாக ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் படகுக்குள் பொருத்திய டேங்கைக் கடைசிச் சொட்டு வரை காலி செய்வது பேச்சில்தான் சுலபம். அடியில் எப்போதும் சில லிட்டர் நிற்கும். நிற்கிற அந்தச் சில லிட்டர்தான் முதலில் பிரியும்.

நான் செய்வது இது. பொருத்திய டேங்க் என்றால் 95 சதவீதம் நிரப்புவேன். அந்த 5 சதவீத இடைவெளி கட்டாயம் வேண்டும். பெட்ரோல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். வெப்பம் 30 டிகிரி ஏறினால் 100 லிட்டர் 103 லிட்டராகிவிடும். விளிம்பு வரை நிரப்பியிருந்தால் மே மாத வெயிலில் அந்த 3 லிட்டர் காற்றுக் குழாய் வழியாகப் புல்தரையில் வழியும். கையில் தூக்கும் சிவப்பு டேங்க் என்றால் வேறு கதை. எண்ணெய் கலக்காத பெட்ரோலாக இருந்தால் கெடுவதற்கு முன்பே, அக்டோபரிலேயே, காரில் ஊற்றித் தீர்த்துவிட்டு டேங்கைக் காயவைப்பேன்.

கால் டேங்க், அரை டேங்க் என்று விடுவதுதான் மோசம். காற்று நிறைய, பெட்ரோல் கொஞ்சம். இரண்டு பக்கத்து நியாயமும் அதில் இல்லை.

கட்டடத்துக்குள் படகை வைக்க இடம் வாடகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தீ பயத்தால் டேங்கில் எவ்வளவு இருக்கலாம் என்று அவர்களே விதி போட்டிருக்கக்கூடும். அங்கே அவர்கள் சொல்வதுதான் சட்டம்.

ஈரம் வரும் வழி அந்தக் காற்றுக் குழாய்தானே? அதை அடைத்துவிடலாமே?

கூடாது. விரியும் பெட்ரோலும் ஆவியும் போக வழியில்லாமல் டேங்கிலும் இணைப்புகளிலும் அழுத்தம் ஏறும். பலவீனமான இடம் எதுவோ அங்கே கசியும்.

ஸ்டெபிலைசர் உண்மையில் வேலை செய்கிறதா?

முதல் வியாதிக்குச் செய்கிறது. பெட்ரோல் காற்றோடு சேர்ந்து பிசினாவதை அது தள்ளிப்போடும். புதிய பெட்ரோலைப் புதியதாக வைத்திருக்கும், பழையதைப் புதிதாக்காது. ஆகையால் கடைசியாக நிரப்பும்போதே கலக்க வேண்டும். முதலில் புட்டியில் உள்ளதை அளந்து ஊற்றி, அதன் மேல் பெட்ரோலை அடித்தால் தானாகக் கலந்துவிடும். அளவு ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு, எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்பதைப் புட்டியிலேயே பாருங்கள். ஊற்றிய பின் எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். மருந்து கலந்த பெட்ரோல் குழாய், வடிகட்டி, எஞ்சின் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர வேண்டும். பலர் டேங்கில் ஊற்றியதோடு நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சினுக்குள் நிற்பது மருந்து படாத பழைய பெட்ரோல்.

தண்ணீருக்கு இது மருந்தல்ல. பிரிந்த பெட்ரோலைச் சேர்த்துவைக்கும் என்று லேபிளில் எழுதிய புட்டிகளும் கடையில் இருக்கின்றன. நான் காசு கொடுக்க மாட்டேன்.

இன்னொரு பழைய பழக்கமும் உண்டு. கனடாவில் பனிக்காலத்தில் பெட்ரோல் குழாய் உறையாமல் இருக்கக் காரில் ஊற்றும் புட்டியைப் படகிலும் ஊற்றுவார்கள். அதில் இருப்பதும் ஒரு வகை ஆல்கஹால்தான். இ10 டேங்கில் ஏற்கெனவே 10 சதவீதம் ஆல்கஹால் இருக்கும்போது அந்தப் புட்டி எதைச் சாதிக்கப் போகிறது?

எத்தனால் இல்லாத பெட்ரோல் எங்கே கிடைக்கும்?

ஒன்டாரியோவில் பெட்ரோல் விற்கும் நிறுவனங்கள் சராசரியாக இத்தனை சதவீதம் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கலக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2020இல் 10 சதவீதம், 2025இல் 11, 2028இல் 13, 2030இல் 15. இது சராசரிக் கணக்கு. ஒவ்வொரு ரகத்திலும் அதே அளவு கலந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் சில பெட்ரோல் பங்குகளில் உயர்ரகத்தில் எத்தனால் இல்லாமல் இருக்கலாம். “கேட்டேன், எத்தனால் இல்லை என்றார்கள்” என்று நம்பிப் போகாதீர்கள். பம்பில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். போன ஆண்டு இருந்த நிலை இந்த ஆண்டும் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம் எத்தனாலைக் கட்டாயமாக்கியிருந்தாலும் படகு, பனி வண்டி, சிறு எஞ்சின்கள், பழங்கால வண்டிகள் ஆகியவற்றுக்கு எத்தனால் இல்லாத உயர்ரகத்தை விற்க அனுமதித்தது. ஏரிகள் நிறைந்த மாநிலம், அவர்களுக்குத் தெரியாதா!

கடைசி நிரப்பலுக்கு மட்டும் எத்தனால் இல்லாததை வாங்குவது நல்ல யோசனைதான். அதில் ஒரு பொறி இருக்கிறது. டேங்கில் பாதி இ10 நிற்கிறது, அதில் தண்ணீர் எல்லையைத் தொடும் அளவுக்குக் கரைந்திருக்கிறது என்று வையுங்கள். மேலே எத்தனால் இல்லாததை ஊற்றினால் மொத்தத்தில் எத்தனால் 5 சதவீதமாகிவிடும், தண்ணீரைத் தாங்கும் அளவும் இறங்கும். பிரியாதிருந்தது பிரிந்துவிடலாம். ஆகவே கோடையின் கடைசி நாட்களில் டேங்கை நன்றாகக் குறைத்துவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

டிரெய்லரில் மிச்சிகன், நியூயார்க் பக்கம் படகைக் கொண்டு போகிறோம். அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?

இ15, அதாவது 15 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சில பங்குகளில் ‘88’ என்ற ஆக்டேன் எண்ணோடு, மற்றதை விடச் சில காசு மலிவாக இருக்கும். 2001ஆம் ஆண்டு மாடலிலிருந்து வந்த கார்களுக்கு அது சரி. படகில் ஊற்றுவதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டமே தடுக்கிறது. பம்பில் ஆரஞ்சும் நீலமுமாக ஒட்டியிருக்கும் சீட்டில் படகு என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கும். காரையும் படகையும் ஒரே நிறுத்தத்தில், ஒரே குழாயால் நிரப்பும் அவசரத்தில்தான் இந்தத் தவறு நடக்கிறது.

இந்தியாவில் 20 சதவீதமே கலக்கிறார்களே, அங்கே மீனவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லையா?

ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் கேட்கும் கேள்வி. தமிழ்நாட்டில் விசைப்படகுகள் டீசலில் ஓடுகின்றன. இலங்கையில் கண்ணாடியிழைப் படகுகளில் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களில் பல மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. மண்ணெண்ணெயில் எத்தனாலும் இல்லை, ஏழு மாத ஓய்வும் அந்தப் படகுகளுக்கு இல்லை. என் பெரியப்பாவின் படகு ஓய்வெடுத்தது கடல் கொந்தளித்த நாட்களில் மட்டும்தான். எரிபொருள் பழசாகிவிடும் என்ற கவலையை அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

பழைய படகு வாங்கியிருக்கிறேன். வேறு ஏதாவது பயப்பட வேண்டுமா?

1980களின் நடுப்பகுதிக்கு முந்தையது என்றால், முதலில் டேங்க் எதனால் ஆனது என்று பாருங்கள். நியூயார்க்கும் கனெக்டிகட்டும் 2004இல் எம்டிபிஇ என்ற பழைய சேர்பொருளைத் தடை செய்ததும் அங்கே எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியது. லாங் ஐலண்ட் பக்கத்துப் பழைய படகுகள் சிலவற்றில் கண்ணாடியிழை டேங்குகளின் பிசினை எத்தனால் கரைத்தது. கரைந்தது எஞ்சினுக்குள் போய் வால்வுகளில் கறுப்புக் களிம்பாகப் படிந்தது, எஞ்சின்களே பாழாயின. அந்த வகை டேங்குக்கு மருந்து கிடையாது. மாற்ற வேண்டும், அல்லது எத்தனால் இல்லாததை மட்டுமே ஊற்ற வேண்டும். அலுமினிய டேங்குக்கு இ10 அவ்வளவு ஆபத்தில்லை. அடியில் பிரிந்து நிற்கும் தண்ணீர்தான் அதை அரிக்கும்.

அடுத்து ரப்பர் குழாய்கள். ஒரு துணியால் குழாயை அழுத்தித் துடைத்து முகர்ந்து பாருங்கள். துணியில் பெட்ரோல் வாடை வந்தால் குழாயின் ஆயுள் முடிந்துவிட்டது. புதிதாக வாங்கும்போது ‘ஏ1-15’ அல்லது ‘பி1-15’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 15 என்பது குழாய்ச் சுவர் வழியாகக் கசிய அனுமதிக்கும் அளவு. எத்தனாலின் விகிதத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வடிகட்டியை இலையுதிர் காலத்தில் மாற்றுவதா, வசந்தத்திலா?

நான் அக்டோபரில் மாற்றுகிறேன். காரணம் வடிகட்டியை விட அதில் நிற்கும் பெட்ரோல்தான். அதைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றிக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் டேங்கின் நாடியைப் பிடித்துப் பார்த்தது போல. அடியில் துளி உருண்டாலோ கோடு தெரிந்தாலோ, பனி விழுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் வடிகட்டியைப் போடுங்கள். ஆனால் எத்தனாலில் கரைந்து நிற்கும் தண்ணீரை எந்த வடிகட்டியும் பிடிக்காது.

எஞ்சினில் உள்ள பெட்ரோலை எரித்துத் தீர்க்க வேண்டுமா?

கார்புரேட்டர் உள்ள சிறு அவுட்போர்டு என்றால் ஆம். குளிரூட்டத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். அப்போதும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் கொஞ்சம் மிஞ்சும். அடியில் இருக்கும் திருகைத் திறந்து அதையும் வடியுங்கள். ஊசித் துளை போன்ற ஜெட்களை அடைப்பது அந்தக் கொஞ்சம்தான்.

எரிபொருளைப் பீய்ச்சும் வகைப் புதிய எஞ்சின்களில் இதைச் செய்யாதீர்கள். அவற்றின் பம்ப் பெட்ரோலாலேயே குளிர்கிறது, வறண்டு ஓடினால் கெடும். அங்கே மருந்து கலந்த பெட்ரோல் நிறைந்திருப்பதே நல்லது. சிலிண்டருக்குள் அடிக்கும் பாதுகாப்பு எண்ணெய் விஷயத்தில் எஞ்சினோடு வந்த கையேடு சொல்வதை அப்படியே செய்யுங்கள்.

பனிக்காலத்தில் மாதம் ஒருமுறை ஓட்டி வைத்தால் என்ன?

வேண்டாம். பத்து நிமிடம் ஓடி முழுச் சூடு ஏறாமல் நிற்கும் எஞ்சினுக்குள் ஈரம் படியும். தூங்குகிறதைத் தூங்கவிடுங்கள்.

பெட்ரோலைத் தவிர?

உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், இரும்பு எஞ்சினையும் பிளந்துவிடும். உள்ளே பொருத்திய எஞ்சின் என்றால் தண்ணீரை முழுவதும் வடித்த பிறகே இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை ஊற்ற வேண்டும். கியர் எண்ணெயை இப்போதே மாற்றுங்கள், பால் போல இருந்தால் சீல் போய்விட்டது. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து கழற்றி வையுங்கள். இவை ஒவ்வொன்றும் தனியாக எழுத வேண்டிய விஷயம்.

வசந்தத்தில் எப்படித் தொடங்குவது?

மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல பெட்ரோலின் வாடை மூக்கில் ஏறும். கெட்டது வார்னிஷ் போல, புளித்தது போல இருக்கும். பிறகு டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து அதே கண்ணாடிச் சாடி. தெளிவாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. உள்ளே எஞ்சின் வைத்த படகில் சாவியைத் திருப்புமுன் காற்றோட்ட விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்டுங்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும்.

பிரிந்துவிட்டது. இனி என்ன?

மேலே புதிய பெட்ரோலை ஊற்றிச் சமாளிக்கலாம் என்று யோசிக்காதீர்கள். எஞ்சினை ஓட்டியும் பார்க்காதீர்கள். டேங்கில் உள்ளது முழுவதையும் எடுக்க வேண்டும். மேலே நிற்பதும் தரம் குறைந்ததுதான். சிவப்பு டேங்க் என்றால் திறந்த வெளியில் நீங்களே அங்கீகரிக்கப்பட்ட கேன்களில் ஊற்றி, நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுக்கலாம். ஒரு தடவையில் எவ்வளவு வாங்குவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஹீட்டர் எரியும் கராஜுக்குள் இந்த வேலை கூடாது. 100 லிட்டர் பொருத்திய டேங்க் என்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இதில் மிச்சம் பிடிக்கப் பார்த்து நான் ஒருமுறை வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டால் நிம்மதிதானே?

எஞ்சினைப் பொறுத்தவரை ஆம். ஆனால் டேங்கை நிரப்பி, மருந்து கலந்து, தண்ணீரில் கால் மணி நேரம் ஓட்டிக் கொண்டுவர வேண்டியது நீங்கள்தான். படகு அவர் முற்றத்துக்கு வந்த பிறகு அது வசதிப்படாது. மூடியின் வளையத்தையும் அவர் கேட்காமல் பார்க்க மாட்டார், கேளுங்கள். எங்கள் பக்கத்து மெக்கானிக் அக்டோபர் முதல் வாரத்திலேயே முன்பதிவை நிறுத்திவிடுகிறார். ஆகஸ்டிலேயே கூப்பிட்டுச் சொல்லி வையுங்கள்.